ஒன்பது கட்டைகளில் பச்சை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் இன்னும் தடுமாற்றம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை பேனாவையும் அப்படியே பிடிக்கிறது. தாளின் மறுபக்கம்வரை பள்ளம் விழுகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் யாரைப் பற்றி எழுதப்போகிறேனோ அவர் இங்கே இருந்திருந்தால் இதைப் பிழையில்லாமல் அவரே டைப் அடித்துக் கொடுத்திருப்பார். ஆனால் இதை நான் அவரிடம் கொடுத்திருக்க மாட்டேன்.

அவர் பேரை எழுதப்போவதில்லை. நாங்கள் எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாலுமிகளுக்காக ஒரு இல்லம் இருக்கிறது. கப்பல் சரக்கு இறக்கும் நாட்களில் வெளிநாட்டு மாலுமிகள் கொஞ்ச நேரம் அங்கே வந்து கேரம் ஆடுவார்கள், டீ குடிப்பார்கள், வீட்டுக்குப் பேசுவார்கள். நான் அந்த இல்லத்தின் வேன் டிரைவர். வெள்ளை வேன், பக்கவாட்டில் ஆரஞ்சுப் பட்டை. துறைமுக வாசலில் அவர்களை ஏற்றி வந்து, அனுமதிச் சீட்டு நேரம் முடிவதற்குள் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். பதினைந்து பதினாறு வருஷத்துக்கு முன்னால், இப்போது எல்லோர் கையிலும் இருக்கிற ஃபோன் வராத காலத்தில், அங்கே நாலு கம்ப்யூட்டர் வைத்த ஒரு அறை இருந்தது. மிஸ் அதற்குப் பொறுப்பு. அதற்கு முன் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தவர்.

இப்போதும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பொறாமைதான். யார் மேல் என்று கேட்டால் சொல்லி முடியாது. அவர் விரல் பட்ட கட்டைகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கீபோர்டில் இருப்பதைக் கீ என்பார்கள். மாதா கோயில் ஆர்மோனியத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது கட்டை.

நான் பார்த்த முதல் கூத்து ஒரு பிரான்ஸ்காரர். கப்பல் என்ஜினீயர். கண்ணை மூடிக்கொண்டு மளமளவென்று அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கடிதம் முழுக்க கியூ. அவர் ஊர் கீபோர்டில் ஏ இருக்கும் இடத்தில் நம் ஊர் கீபோர்டில் கியூ இருக்கிறதாம். விரல் பழகிய இடத்துக்குத்தானே போகும்? மேசையை ஓங்கிக் குத்தினார். பக்கத்தில் டீ வைத்துக்கொண்டிருந்த நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

மிஸ் எழுந்து வந்தார். அவர் நாடு எது என்று கேட்டார். கம்ப்யூட்டரில் எங்கேயோ போய் இரண்டு மூன்று இடத்தில் அழுத்தினார். பிறகு, "மதர் நேம். டைப்" என்றார்.

அந்த ஆள் முழித்தார்.

"யுவர் மதர் நேம். ஃபர்ஸ்ட். டோன்ட் லுக் கீ. லுக் ஸ்க்ரீன். யுவர் ஃபிங்கர் நோஸ்."

அவர் அடித்தார். ஈ எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோட்டோடு அம்மா பேர் விழுந்தது. மேசையைக் குத்திய அதே கையால் மிஸ்ஸுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

இதுதான் மிஸ்ஸின் வழக்கம். எந்த நாட்டுக்காரன் வந்து உட்கார்ந்தாலும் முதலில் அம்மா பேர். உலகத்தில் ஆளாளுக்கு எழுத்தோடு ஒரு சங்கதி வைத்திருக்கிறார்கள். ஒருவனுக்கு எழுத்தின் தலையில் அலை, ஒருவனுக்கு அடியில் வால், ஒருவனுக்கு மேலே இரண்டு புள்ளி. அம்மா பேர் அந்த அலையும் வாலும் புள்ளியுமாகச் சரியாக விழுந்துவிட்டால் கீபோர்டு சரி. இனி அவன் பாடு. விழாவிட்டால் விழும்வரை மிஸ் அந்த நாற்காலிக்குப் பின்னாலிருந்து நகர மாட்டார். அந்த மொழியில் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்ப்பார்.

"ஏன் மிஸ் அம்மா பேரு?" என்று ஒருநாள் கேட்டேன். நான் அவரிடம் கேள்வி கேட்டதே ரொம்பக் குறைவு.

"தன் பேரு தப்பா விழுந்தா எவனும் பரவாயில்லன்னு விட்டுருவான்ண்ணே. அம்மா பேரை விட மாட்டான்" என்றார்.

இப்படி உலகத்து மாலுமிகளில் பாதிப் பேருடைய அம்மா பேர் அவருக்குத் தெரியும். என் அம்மா பேரை அவர் கேட்டதில்லை. நான் அந்த நாற்காலியில் உட்காராதவன். "நீங்களும் உக்காருங்கண்ணே, ரெண்டு வார்த்தை அடிச்சுப் பாருங்க" என்று இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். "சோலி கிடக்கு மிஸ்" என்று வெளியே வந்து, கழுவிய வேனையே திரும்பக் கழுவுவேன்.

இன்னொரு சங்கதி ஊமைக்கட்டை. சில நாட்டு அமைப்பில் கோட்டுக்கான கட்டையைத் தட்டினால் திரையில் ஒன்றுமே தெரியாது. அடுத்து எழுத்தைத் தட்டினால்தான் இரண்டும் சேர்ந்து விழும். மாலுமிகளுக்கு அது புரியாது. கெட்டுப்போன கட்டை என்று நினைத்துப் பத்துத் தடவை தட்டுவார்கள். மிஸ் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். "ஒன் டைம். வெயிட். தென் லெட்டர்." பழைய தமிழ் டைப்ரைட்டரில் புள்ளிக்கட்டையும் இப்படித்தானாம், தட்டினால் தாளைச் சுமக்கிற வண்டி நகராது, புள்ளி மட்டும் விழுந்துவிட்டு எழுத்துக்காகக் காத்திருக்கும். அதில் பழகியவர் என்பதால் இது அவருக்குப் புதிதில்லை. ஊமைக்கட்டை என்று பேர் வைத்தவரும் அவர்தான். ஒருநாள் இல்லத்தில் எல்லோர் முன்னாலும், "நம்ம டிரைவரண்ணனும் ஊமைக்கட்டைதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் கோபம் வந்திருக்கும்.

எந்தக் கட்டையில் எந்த நாட்டு எழுத்து ஒளிந்திருக்கிறது என்று மாலுமிகளுக்குக் காட்டுவதுதான் பெரிய பாடு. முதலில் ஸ்டிக்கர் ஒட்டினார். உப்புக்காற்றுக்கும் விரல் வேர்வைக்கும் இரண்டு வாரத்தில் சுருண்டுகொண்டது. மார்க்கரால் எழுதினார், அது மாலுமிகளின் விரலோடு போய்விட்டது. ஒருநாள் தன் அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷைக் கொண்டுவந்து கட்டையின் மூலையில் ஒரு பொட்டு வைத்தார். நின்றது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

அன்றிலிருந்து நாட்டுக்கு ஒரு கலர். பிலிப்பைன்ஸ்காரர்களுக்குச் சிவப்பு. துருக்கிக்காரர்களுக்கு நீலம். பிரான்சுக்கு ஊதா. ஜெர்மனிக்கு மஞ்சள். பஜார் வழியாகப் போகிறவன் நான் என்பதால் கலர் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முப்பத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, காக்கிச் சட்டை. இப்படி ஒரு ஆள் ஃபேன்சி ஸ்டோரில் போய் நெயில் பாலிஷ் கேட்டால் எப்படி இருக்கும்? கடைக்காரர் காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் வழக்கப்படி காக்கா என்று கூப்பிடுவேன். அண்ணன் என்று அர்த்தம்.

"யாருக்குத் தம்பி?" என்றார்.

"கம்ப்யூட்டருக்கு."

"கம்ப்யூட்டருக்கா! நகம் நீளமா வளத்திருக்கோ?"

வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் காசை வைத்துவிட்டு மீதி வாங்காமல் வந்தேன். சாயங்காலத்துக்குள் துறைமுக வாசல் டீக்கடைவரை விஷயம் போய்விட்டது.

"ஏலே, உன் கம்ப்யூட்டருக்கு எப்பலே கல்யாணம்?"

"பொண்ணு சிவப்பா நீலமாலே?"

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது. யாரோ ஒருத்திக்கு நான் நெயில் பாலிஷ் வாங்குகிறேன் என்று ஊர் நினைக்கிறதே, அது போதும் என்று இருந்தது. ஆனால் அந்தக் கலர் ஒன்றுகூட மிஸ்ஸின் விரலில் ஏறவில்லை. எல்லாம் கட்டைக்குத்தான் போனது. எங்கிருந்தோ வந்து நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவனுக்குத்தான் போனது. மிஸ் நகங்களை ஒட்ட வெட்டி, வெறுமனே வைத்திருப்பார்.

ஒரு தடவை துணிந்து கேட்டேன். "தமிழுக்கு என்ன கலர் மிஸ்?"

"நமக்கு எதுக்குண்ணே கலரு? எனக்குத்தான் கண்ணை மூடுனாலும் வருதே."

வேனில் போகும்போது அந்த 'நமக்கு' என்பதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அடுத்து அவர் சொன்ன 'எனக்கு' என்பதைக் கவனிக்க இரண்டு நாள் ஆனது.

ஒரு துருக்கிக் கிழவர் வந்தார். கப்பலில் மூத்த மாலுமி, நரைத்த மீசை. வழக்கம்போல மிஸ், "மதர் நேம்" என்றார். நீலப் பொட்டுக்களைத் தேடித்தேடி அவர் அடித்தார். பேர் விழுந்தது. அதற்குமேல் அவர் ஒன்றும் அடிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட வந்தவன் மெதுவாகச் சொன்னான், இவர் நடுக்கடலில் இருக்கும்போது ஊரில் அந்த அம்மாள் இறந்துவிட்டாராம். பின்னால் ஐந்தாறு பேர் கம்ப்யூட்டருக்காக நிற்கிறார்கள். அனுமதிச் சீட்டு நேரம் முடியப் போகிறது. நான் வெளியே போய் ஹாரன் அடித்தேன்.

மிஸ் வாசலுக்கு வந்தார். "ஹாரன் அடிக்காதியண்ணே."

"கேட்டுல ஏசுவாங்க மிஸ்."

"ஏசட்டும். நான் பேசிக்கிடுதேன்."

திரும்ப உள்ளே போய் அந்தக் கிழவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தோளைத் தொடவில்லை, ஒன்றும் பேசவில்லை, நின்றார். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாயை இழந்த மனுஷன் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்காக அவரால் இவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இனி அவனைப் பற்றி எழுத வேண்டும். மிஸ்ஸுக்கு அவர் என்றும் இவனுக்கு அவன் என்றும் எழுதுகிறேன் என்பது எனக்கே தெரிகிறது. மாற்றப்போவதில்லை.

போலந்து நாட்டுக்காரன். நிலக்கரிக் கப்பலில் எலக்ட்ரீசியன். நல்ல உயரம், என் வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை இடித்துக்கொள்வான். பூனைக்கண். போலந்துக்கு அதுவரை கலர் இல்லை. பச்சை வாங்கி வரச் சொன்னார் மிஸ். வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்தவன் நான். கிளிப்பச்சை வேண்டாம் என்று, வாழைக்குருத்து மாதிரி ஒரு பச்சை.

"மதர் நேம்" என்றார் மிஸ்.

மரியா என்று அடித்தான். நம் தெருவில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புகிற பேர். அதில் கோடும் இல்லை, வாலும் இல்லை. அவன் மொழியில் நம் கீபோர்டில் இல்லாத எழுத்து ஒன்பது இருக்கிறதாம். வலதுகைப் பக்கத்து ஆல்ட் கட்டையைப் பிடித்துக்கொண்டு தட்டினால் அவை வரும். அம்மா பேரில் அந்த ஒன்பதில் ஒன்றுகூட வராததால் கீபோர்டு சரியா என்று மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. "ஃபாதர் நேம்" என்றார். அதில் ஒன்று கிடைத்தது. ஒரு பச்சைப் பொட்டு. பிறகு அக்கா பேர். தெருப் பேர். ஊர்ப் பேர். படித்த பள்ளிக்கூடம். வீட்டு நாயின் பேர். ஒவ்வொன்றாகப் பொட்டு ஏறிக்கொண்டே போனது. மற்றவர்களிடம் அம்மா பேரோடு நின்றவர், இவனிடம் ஒரே தடவையில் குடும்பம் முழுக்கத் தெரிந்துகொண்டார்.

எட்டு எழுத்து ஆகிவிட்டது. ஒன்பதாவது மட்டும் பாக்கி. அது எந்த வார்த்தையில் வரும் என்று யோசித்துக்கொண்டே இருந்தான். யோசித்தானா, சும்மா உட்கார்ந்திருந்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். நான் ஹாரன் அடித்தேன். "நெக்ஸ்ட் டைம்" என்று சிரித்துவிட்டுத் தலையை இடித்துக்கொண்டு வேனில் ஏறினான்.

அதன்பின் நான் பேப்பரில் 'இன்று துறைமுகத்தில்' என்ற இடத்தைப் பார்க்கப் பழகினேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அந்தக் கப்பல் பேர் இல்லையென்றால் அன்று டீ நன்றாக இருக்கும்.

கப்பல் ஒன்றரை மாதத்தில் திரும்ப வந்தது. அவன் ஒரு வார்த்தையோடு வந்தான். எக்ஸ் கட்டையில் ஒளிந்திருந்தது அந்த ஒன்பதாவது எழுத்து. அடித்துக் காட்டினான். "மீனிங்?" என்றார் மிஸ். யாரிடமும் அர்த்தம் கேட்காதவர் அன்று கேட்டார். அவனுக்கு இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை. மிஸ்ஸின் கண்ணைப் பார்த்து விரலை நீட்டினான். கண்ணுக்கு நடுவில் இருக்கும் கறுப்பு. கண்மணி.

மிஸ் குனிந்து ஒன்பதாவது பொட்டை வைத்தார். மற்ற எட்டும் வைத்த வேகத்தில் அதை வைக்கவில்லை. அன்று நான் கொடுத்த டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. என் வேனில் ஹாரன் ஒயர் அறுந்து கிடந்தபோது சட்டையைக் கழற்றிவிட்டுக் கீழே படுத்துச் சரிசெய்து கொடுத்தான். அவனைச் சீக்கிரம் கிளப்புவதற்கு நான் அடிக்கிற ஹாரனை அவனே சரிசெய்தான். அதற்குப் பிறகு எப்படி அடிப்பது?

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் பஸ் ஓடவில்லை. மிஸ்ஸை வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். முன் சீட்டில் உட்கார்ந்தார். அவர் என் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. பையை மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்திருந்தார். இடதுகைச் சுண்டுவிரல் நகத்தில் பச்சை.

வாழைக்குருத்துப் பச்சை. நான் வாங்கியது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வெரல்ல என்ன மிஸ்?"

அவர் கையை மறைக்கவில்லை. விரலைத் தூக்கிப் பார்த்தார். "உங்க கண்ணுல பட்டுட்டா? எங்க வீட்டுலகூட யாரும் பாக்கலண்ணே."

நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு கேட்டுட்டாருண்ணே. எங்க அப்பாகிட்டயே வந்து கேக்கேங்காரு. எனக்குத்தான் பயமா இருக்கு. அவ்வளவு தூரம்." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ஒரு வருஷமா நீங்கதான் அவரை வேனுல கூட்டிட்டு அலையுதிய. நீங்க என்ன நினைக்கிய? நல்ல ஆளுதானே?"

இதைவிட ஒரு சந்தர்ப்பம் எனக்கு வாய்த்திருக்காது. நான் என்ன சொல்கிறேனோ அதை அவர் எடுத்துக்கொள்வார். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. குடிப்பான் என்று சொல்லலாம். வேறு துறைமுகத்தில் வேறு ஆள் இருக்கும் என்று சொல்லலாம். அல்லது என்னைப் பற்றிச் சொல்லலாம். ரயில் வந்தது. கரிப்பெட்டி கரிப்பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் அது முடியும்வரை பார்த்தேன்.

"நல்ல ஆளுதான் மிஸ்" என்றேன். "தலையைத்தான் இடிச்சுக்கிடுதாரு."

மிஸ் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கேட் திறந்தது.

கல்யாணம் இங்கே கோயிலில்தான் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா அந்த மரியா வந்திருந்தார். அந்த அம்மாளை விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தது நான், கடைசியில் மிஸ்ஸைக் கொண்டுபோய் விட்டதும் நான். பெட்டியை இறக்கி வைத்தேன். "வாரேண்ணே" என்றார். போகிறேன் என்று சொல்லக்கூடாதே, அதனால் எல்லோரும் சொல்வதுதான். ஆனாலும் ரொம்ப நாள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

எனக்கும் பிறகு கல்யாணம் ஆனது. நல்ல மனுஷி. குறை ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் அறையில் இப்போது சோபா போட்டிருக்கிறார்கள். மாலுமிகள் ஃபோனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். அது அவர்களுக்கு நல்லதுதான். நான் இன்னும் வேன் ஓட்டுகிறேன். வேன் மாறிவிட்டது, பட்டை அதே ஆரஞ்சு.

போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஃபோனில் ஒரு குரல் வந்தது. இல்லத்தில் கேட்டு என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

"அண்ணே, நான்தான். குரல் தெரியுதா? நல்லா இருக்கியளா? ஒரு உதவிண்ணே. எனக்கு ஒரு மக. பன்னெண்டு வயசு. தமிழ் நல்லா பேசுவா. இப்ப எங்க அக்கா பிள்ளைகளுக்குத் தமிழ்லயே அடிச்சு அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. அவளுக்குக் கீபோர்டுல கலர் போட்டுக் குடுக்கணும். இங்கன நெயில் பாலிஷ் கிடைக்காதான்னு கேப்பிய. கிடைக்கும். ஆனா ரெண்டு நாள்ல உரிஞ்சிருது. நம்ம காக்கா கடைச் சரக்குதான்ண்ணே நிக்கும். பச்சை அதுல ஏற்கனவே இருக்கு, நான் வரும்போது கொண்டாந்தது, அவங்க அப்பா எழுத்துக்கு. தமிழுக்கு என்ன கலருன்னு நீங்களே பாத்து எடுத்து அனுப்புங்க."

அதே வாரிய, போறிய பேச்சு. பனி கொட்டுகிற ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் மாறவில்லை.

"யாரு?" என்றாள் என் வீட்டுக்காரி.

"முன்னால இல்லத்துல வேலை பாத்த மிஸ்."

"சரி. அதுக்கு ஏன் எந்திரிச்சு நிக்கிய? சோறு ஆறுது, உக்காருங்க."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். காக்காவுக்குத் தாடி வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன தம்பி, கம்ப்யூட்டர் திரும்ப வந்துட்டா?"

"மக வந்திருக்கா காக்கா."

"மாஷா அல்லாஹ். என்ன கலர் வேணும்?"

எல்லாவற்றையும் கண்ணாடி மேசைமேல் பரப்பச் சொன்னேன். இந்த முறை அவசரப்படவில்லை. பின்னால் பெண்கள் நின்றார்கள், நிற்கட்டும். முத்து வெள்ளை எடுத்துக் காட்டினார். "தூத்துக்குடியிலேருந்து அனுப்புறிய, முத்துதானே பொருத்தம்?" வேண்டாம் என்றேன். கறுப்புக் கட்டையில் இங்கிலீஷ் எழுத்து வெள்ளையாகத்தான் இருக்கும். அதோடு இது கலந்துபோகும். சிவப்பு, நீலம், ஊதா, மஞ்சள் எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்ட கலர். பச்சைப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. ஆரஞ்சு எடுத்தேன். என் வேன் பட்டையின் அதே ஆரஞ்சு. வெயிலில் கொண்டுபோய் வேன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து இன்னொரு பாட்டிலும் எடுத்தேன்.

"ஒரு கீபோர்டுக்கு ரெண்டா?" என்றார் காக்கா.

"பத்தாது காக்கா."

தபாலாபீசில் வாங்கவில்லை. தீப்பிடிக்கும் சாமானாம். பார்சலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் வேனிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். பிறகு அந்த நாட்டுக் கரைக்குப் போகிற கப்பல் ஒன்று வந்தது. அதில் ஒரு சின்ன வயது மாலுமி, போலந்துப் பையன், நேற்று என் வேனில் ஏறினான். இறங்கும்போது பாட்டில் இரண்டையும் மிஸ்ஸின் விலாசத்தையும் அவனிடம் கொடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது. விரலில் பூசுவதுபோல் காட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். ஜன்மத்தில் ஒரு மாலுமியிடம் நான் கெஞ்சியது அதுதான். சரி என்று சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். அவனும் தலையை இடித்துக்கொண்டுதான் இறங்கினான்.

இன்று காலை கப்பல் கிளம்பிவிட்டது. அது கண்ணிலிருந்து மறைகிற வரை வேனை நிறுத்திப் பார்த்தேன்.

அந்தக் கீபோர்டை நான் பார்த்ததில்லை. ஆனால் எப்படி இருக்கும் என்று தெரியும். பச்சை ஒன்பது கட்டையில் இருக்கும். வலதுபக்க ஆல்ட்டையும் சேர்த்துக்கொள்ளட்டும், பத்து. அதுவும் மூலையில் ஒரு பொட்டுதான். தமிழுக்குப் பொட்டுப் போதாது. அவன் எழுத்து மாதிரி ஏ, பி, சிக்குப் பின்னால் அ, ஆ ஒளிந்திருக்காது. தீக்குச்சியை முக்கி முழு எழுத்தாக எழுத வேண்டும். கிட்டத்தட்ட ஒரு கட்டை விடாமல் எழுத வேண்டும். அந்தப் பச்சை இருக்கிற ஒன்பதிலும் பக்கத்திலேயே ஆரஞ்சு ஏறும். எக்ஸ் கட்டையிலும் ஏறும். அவன் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்து மகள் மேசையைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அவன் கலராக இருக்காது.

மிஸ் மகளின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். வழக்கத்தை மாற்றியிருக்க மாட்டார். முதலில் அம்மா பேரை அடி என்பார். அந்தப் பிள்ளை ஆரஞ்சு எழுத்தைத் தேடித்தேடித் தட்டும். நான் இதில் எங்கேயும் எழுதாத பேர் அங்கே ஒவ்வொரு எழுத்தாக விழும்.

செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள், திங்கட்கிழமை.